போஸ்டரில் இருக்கும் கோடியும் கைக்கு வரும் கோடியும்

போன வாரம் அலுவலகத்தில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் இரண்டு பையன்களுக்குள் பெரிய வாக்குவாதம். இருவரும் நல்ல பையன்கள், ஆளுக்கொரு நடிகரின் ரசிகர்கள். ஒருவன் தன் தலைவர் படம் 400 கோடி என்கிறான், மற்றவன் அதெல்லாம் ஊதிப் பெருக்கியது, 280 கோடியைத் தாண்டவில்லை என்கிறான், இருவரும் போனை எடுத்து மாறி மாறிப் படம் காட்டுகிறார்கள். சரி, 400 கோடி என்றே வைத்துக்கொள்வோம், அதில் தயாரிப்பாளர் கைக்கு எவ்வளவு போயிருக்கும் என்று கேட்டேன். "400 கோடி வசூல்னா 400 கோடிதானே அண்ணா?" என்றான் ஒருவன். அங்கேயே பதில் சொல்ல ஆரம்பித்தேன், சாப்பாட்டு நேரம் முடிந்துவிட்டது, பாதிதான் சொல்ல முடிந்தது. மீதியைச் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

எனக்குத் தெரிந்த கணக்கெல்லாம் என் சித்தப்பா சொல்லிக்கொடுத்தது. விருதுநகர் பக்கம் ஒரு சின்ன டவுனில் இருந்த இரண்டு தியேட்டர்களில் ஒன்றுக்கு அவர் மேனேஜர். தொண்ணூறுகளில் பள்ளி விடுமுறைக்கு அங்கே போனால், இரவு இரண்டாம் ஆட்டத்துக்கு கவுன்டரை மூடியதும் அவர் பக்கத்தில் உட்கார்ந்து எண்களை வாசிப்பது என் வேலை. டி.சி.ஆர் என்று ஒரு தாள், அன்றன்றைய வசூல் கணக்கு. ஒவ்வொரு வகுப்புக்கும் முதல் டிக்கெட் எண் என்ன, கடைசி எண் என்ன, எத்தனை போனது, என்ன விலை, அதில் வரி எவ்வளவு, வரி போக எவ்வளவு, அதில் விநியோகஸ்தருக்கு எவ்வளவு. நான் வாசிக்க வாசிக்க அவர் எழுதுவார். எதிரே விநியோகஸ்தர் அனுப்பிய ரெப் உட்கார்ந்திருப்பார். படப்பெட்டி வந்த நாளிலிருந்து படத்தைத் தூக்கும்வரை ஊரிலேயே லாட்ஜில் தங்கி, ஒவ்வொரு ஆட்டத்துக்கும் உள்ளே போய்த் தலைகளை எண்ணுகிற மனிதர். இருவரும் கையெழுத்துப் போட்டால்தான் அன்றைய கணக்கு முடியும். "டேய், மேல இருக்கிற நம்பரைப் பார்த்து வாயைப் பிளக்காதே, கீழே இருக்கிற நம்பரைப் பாரு" என்பார் சித்தப்பா. மேலே இருப்பது ஜனங்கள் கொடுத்த மொத்தப் பணம், கிராஸ். கீழே இருப்பது ஷேர், அதாவது வரியும் தியேட்டர் பங்கும் போகப் படத்துக்காரர் பக்கம் வருவது. ஒரு படம் லாபமா நஷ்டமா என்பதைச் சொல்வது அந்தக் கீழ் எண். இன்று போஸ்டரிலும் ட்விட்டரிலும் ஓடுவது முழுக்க மேல் எண்.

சமீப வருஷ விலையில் ஒரு டிக்கெட்டைப் பிரித்துப் பார்ப்போம். தமிழ்நாட்டு மல்டிப்ளெக்ஸில் வரி சேர்க்காத உச்சவரம்பு 150 ரூபாய் என்று 2017 அக்டோபரில் அரசு வைத்தது. அதன் மேல் 100 ரூபாய்க்கு மேற்பட்ட டிக்கெட்டுக்கு 2019 முதல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி, அப்புறம் உள்ளாட்சி கேளிக்கை வரி, தமிழ்ப் படத்துக்கு அது பல ஆண்டுகள் 8 சதவீதமாக இருந்து பிறகுதான் குறைக்கப்பட்டது. அந்த 8 சதவீத நாட்களில் இரண்டும் சேர்ந்து டிக்கெட் ஏறத்தாழ 190 ரூபாய் ஆனது. நீங்கள் கொடுத்த 190இல் 40 ரூபாய் அரசுக்கு. மீதி 150ஐத்தான் தியேட்டரும் படத்துக்காரரும் பிரித்துக்கொள்ள வேண்டும். படத்துக்காரர் பங்கு 60 சதவீதம் என்றால் 90 ரூபாய், 70 சதவீதம் என்றால் 105 ரூபாய். ஆன்லைனில் பதிவு செய்யும்போது தனியாக முப்பது நாற்பது ரூபாய் பிடிக்கிறார்களே, அது இந்தக் கணக்கிலேயே வராது, தயாரிப்பாளருக்கு அதில் ஒரு பைசா கிடையாது.

இதையே பெருக்கிப் பாருங்கள். தமிழ்நாட்டில் ஒரு படம் 100 கோடி கிராஸ் என்றால் வரி போக 80 கோடிக்குச் சற்றுக் குறைவு, அதில் மூன்றில் இரண்டு பங்கு கைக்கு வந்தது என்று தாராளமாக வைத்தாலும் 50 கோடியைச் சுற்றித்தான் நிற்கும். வெளிநாட்டு வசூலில் அங்கே உள்ள தியேட்டர், அங்கே உள்ள விநியோகஸ்தர், விளம்பரம் எல்லாம் போகப் பாதிக்கும் கீழேதான் திரும்பி வரும். ஆக அந்தப் பையன் சொன்ன 400 கோடி உண்மையாகவே இருந்தாலும் தியேட்டரிலிருந்து தயாரிப்புப் பக்கம் வருவது 180, 190 கோடி அளவில்தான் இருக்கும். படத்தின் செலவு 250 கோடி என்றால்? இங்கேதான் அந்த இருவரும் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள்.

தெலுங்குக்காரர்களிடம் எனக்குப் பிடித்த ஒரு பழக்கம், அங்கே ரசிகர்களே ஏரியா வாரியாக ஷேரைப் பேசுவார்கள். நைஜாமுக்கு, அதாவது தெலங்கானா பக்கத்து ஏரியாவுக்கு, எவ்வளவு விற்றது, எவ்வளவு ஷேர் வந்தது என்று டீக்கடையில்கூடச் சொல்வார்கள். நம்மூரில் ஷேரைப் பொதுவில் சொல்வது அபூர்வம். 2022இல் விக்ரம் படம் வெற்றியடைந்தபோது அதைத் தமிழ்நாட்டில் வெளியிட்ட உதயநிதி ஸ்டாலின், இங்கே மட்டும் ஷேர் 75 கோடியைத் தொட்டுவிட்டது என்று மேடையிலேயே சொன்னார். அன்று அதைக் கேட்டுவிட்டு சித்தப்பா போன் செய்தார். "கீழ் நம்பரைச் சொல்லிட்டார்டா, தைரியம்தான்" என்றார். அவ்வளவு சந்தோஷம் அவருக்கு. அந்தப் படத்துக்குப் பிறகு, அதில் நடித்துத் தயாரித்த கமல் ஹாசன் இயக்குநருக்குக் கார், உதவி இயக்குநர்களுக்கு பைக், சூர்யாவுக்கு ரோலக்ஸ் வாட்ச் என்று வாரி வழங்கினார். அடுத்த ஆண்டு ஜெயிலர் ஓடியபோது அதன் தயாரிப்பாளர் கலாநிதி மாறன் ரஜினிகாந்துக்குக் காசோலையும் காரும் கொடுத்தார், இயக்குநர் நெல்சனுக்கும் இசையமைப்பாளர் அனிருத்துக்கும்கூட கார் போனது. போஸ்டரில் எந்த எண்ணையும் அச்சடிக்கலாம், காருக்குக் காசு கீழ் எண்ணிலிருந்துதான் வர வேண்டும்.

சரி, இந்த ஷேர் யாருக்குப் போகிறது என்பதில்தான் பலரும் குழம்புகிறார்கள். தயாரிப்பாளர் நேராக ஆயிரம் தியேட்டரிடம் வசூலிப்பது கிடையாது. தமிழ்நாட்டை வெகு காலமாகவே ஏரியாக்களாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். சென்னை நகரம், செங்கல்பட்டு, வட ஆற்காடு தென் ஆற்காடு, கோவை, சேலம், திருச்சி தஞ்சாவூர், மதுரை ராமநாதபுரம், திருநெல்வேலி கன்னியாகுமரி. மாவட்டங்கள் எத்தனை முறை உடைந்தாலும் சினிமா வரைபடம் மாறவில்லை. எங்கள் விருதுநகர் இன்றும் சினிமாக்காரர்களுக்கு எம்.ஆர். ஏரியாதான், அதாவது மதுரை ராம்நாடு. ஒவ்வொரு ஏரியாவுக்கும் ஒரு விலை, ஒவ்வொரு ஏரியாவிலும் ஒரு விநியோகஸ்தர்.

விற்பதில் சில முறைகள் உண்டு. அவுட்ரைட் என்றால் ஒரே விலை, கொடுத்துவிட்டால் அந்த ஏரியாவில் இத்தனை ஆண்டுக்குப் படம் வாங்கியவருடையது, லாபமும் அவருக்கே நஷ்டமும் அவருக்கே. எம்.ஜி. என்கிற மினிமம் கியாரண்டி என்றால் ஒரு தொகையைக் கட்டிவிட வேண்டும், அது திரும்பாது, ஷேர் அந்தத் தொகையையும் விநியோகஸ்தரின் கமிஷனையும் தாண்டினால் அதற்கு மேல் வருவதை இருவரும் பிரித்துக்கொள்வார்கள். அட்வான்ஸ் முறையில் கட்டிய அளவுக்கு ஷேர் வராவிட்டால் மீதியைத் தயாரிப்பாளர் திருப்பித் தர வேண்டும். இன்னொன்று வெறும் கமிஷனுக்கு வெளியிட்டுத் தருவது, அதில் நஷ்டம் முழுக்கத் தயாரிப்பாளர் தலையில். விநியோகஸ்தர் தான் கட்டியதைத் தியேட்டர்காரரிடம் முன்பணமாகவோ எம்.ஜி.யாகவோ வாங்கப் பார்ப்பார். தியேட்டர்காரர் உள்ளூரில் வட்டிக்கு வாங்கிக் கட்டுவார். இப்படிச் சென்னையில் ஒரு அறையில் முடிவான விலை படிப்படியாக இறங்கி ஒரு சின்ன ஊர் தியேட்டர் வாசலில் வந்து நிற்கும்.

நான் இத்தனையும் எழுதுவதே இதற்காகத்தான். ஒரு படம் பிளாக்பஸ்டரா இல்லையா என்பது எவ்வளவு வசூலித்தது என்பதைப் பொறுத்து முடிவாவதில்லை, எவ்வளவுக்கு விற்றது என்பதைப் பொறுத்து முடிவாகிறது. 60 கோடி ஷேர் வந்த படம் 40 கோடிக்கு விற்றிருந்தால் ஊரெல்லாம் கொண்டாட்டம், அதே படம் அதே 60 கோடி ஷேரோடு 80 கோடிக்கு விற்றிருந்தால் எட்டு ஏரியாவிலும் எட்டு வீட்டில் ஒப்பாரி. பார்த்தவர்கள் அதே ஜனங்கள், கைதட்டியது அதே கைதட்டல். ரஜினிகாந்தின் லிங்கா 2014 டிசம்பரில் வந்தது, தியேட்டரில் கூட்டம் இல்லாத படமில்லை அது, ஆனால் வாங்கிய விலைக்கு வரவில்லை என்று விநியோகஸ்தர்கள் அடுத்த மாதம் சென்னையில் உண்ணாவிரதம் உட்கார்ந்தார்கள், பல மாதம் பேச்சுவார்த்தை நடந்தது. அதற்கு முன் 2002இல் பாபா படத்துக்கு ரஜினிகாந்தே முன்வந்து நஷ்டத்தைத் திருப்பிக் கொடுத்தார். சட்டப்படி எம்.ஜி. பணம் திரும்பாது. ஆனாலும் கொடுத்தார், ஏனென்றால் அடுத்த படத்தையும் அதே ஆட்கள்தான் வாங்க வேண்டும். அந்த நியாயத்தின் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு.

இப்போது ஒரு உச்சவரம்புக் கணக்கு. நான் அடிக்கடி போட்டுப் பார்ப்பது. தமிழ்நாட்டில் மொத்தம் ஆயிரத்துச் சொச்சம் திரைகள். ஒரு பெரிய நடிகர் படத்துக்கு ஆயிரம் திரையும் கிடைத்தது, ஒவ்வொன்றிலும் ஐந்து காட்சி, காட்சிக்கு 400 இருக்கை, எல்லாமே நிறைந்தது என்று வைத்தால் ஒரு நாளைக்கு 20 லட்சம் இருக்கை. சராசரி டிக்கெட் 150 ரூபாய் என்றால் 30 கோடி. அவ்வளவுதான், அதற்கு மேல் கூட்டம் வந்தாலும் உட்கார இடம் கிடையாது, விலையை ஏற்ற அரசு விடாது. ஆந்திராவிலும் தெலங்கானாவிலும் பெரிய படத்துக்கு முதல் வாரம் விலையை ஏற்றிக்கொள்ள அரசாணை வாங்குகிறார்கள், கர்நாடகத்தில் மல்டிப்ளெக்ஸ் விலை ஆயிரத்தைத் தொட்ட நாட்கள் உண்டு. நம்மூரில் அப்படி இல்லை, ஒரு ரசிகனாக நான் அதற்கு நன்றியோடு இருக்கிறேன். நாலு பேர் உள்ள குடும்பம் இன்னமும் தியேட்டருக்குப் போக முடிவது இதனால்தான். ஆனால் இந்தக் கூரையைத் தெரிந்துகொண்டே அதற்கு மேல் வந்தால்தான் அசல் திரும்பும் என்கிற மாதிரிப் படத்தை விற்கிறார்கள் பாருங்கள், அதுதான் எனக்குப் புரியாத விஷயம்.

புரியாதது என்று சொன்னேன், பாதி புரியும். முதல் நாள் முதல் காட்சிக்குக் கவுன்டரில் இருநூறு ரூபாய்க்குள் அச்சடித்த டிக்கெட் வெளியே 1,000, 1,500க்குப் போகிறது. அந்த மிச்சப் பணம் எந்த டி.சி.ஆரிலும் ஏறாது, வரி கிடையாது, ஷேர் கிடையாது. அதிக விலைக்கு வாங்கியவர் அதை வைத்துத்தான் முதல் இரண்டு நாளில் மூச்சு விடுகிறார். கொடுப்பது யார்? வாரக் கூலி வாங்கி அப்படியே எடுத்துக்கொண்டு வரும் இருபது வயதுப் பையன்கள். எனக்குக் கோபம் வருவது இந்த இடத்தில்தான். 2023 ஜனவரியில் துணிவு வெளியான விடியலில் சென்னையில் ஒரு ரசிகர் லாரியிலிருந்து விழுந்து இறந்த பிறகு நள்ளிரவு, அதிகாலைக் காட்சிகளுக்கு அனுமதி நின்றது, இப்போது தமிழ்நாட்டில் முதல் காட்சி காலை 9 மணிக்கு. பக்கத்து மாநிலத்தில் விடியும் முன்பே படம் ஓடி, நம்மவர் எழுந்திருக்கும்போது விமர்சனம் வந்துவிடுகிறது, இதனால் வசூல் போகிறது என்று தொழிலில் உள்ளவர்கள் சொல்வார்கள். போகட்டும். ஒரு உயிருக்கு முன்னால் ஒரு காட்சி ஒன்றுமே இல்லை.

எல்லாரும் ஏன் முதல் மூன்று நாளுக்கு இப்படிப் பறக்கிறார்கள் என்று கேட்கலாம். அந்தக் காலத்தில் ஹரிதாஸ் சென்னை பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளி பார்த்தது, சந்திரமுகி சாந்தி தியேட்டரில் 890 நாள் ஓடியது. 2005இல் வந்த படத்துக்கும்கூட அது நடந்திருக்கிறது. பிரிண்ட் எண்ணிக்கை குறைவு, ஒரு பிரிண்டுக்கே ஆயிரக்கணக்கில் செலவு, அதனால் சில ஊரில் முதலில் போட்டு, அங்கே ஓடி முடித்த பெட்டி அடுத்த ஊருக்கு, அதன்பின் டென்ட் கொட்டகைக்கு என்று மெல்ல இறங்கும். பணமும் மெல்ல வரும். டிஜிட்டல் வந்த பிறகு ஒரே நாளில் எல்லாத் திரையிலும் போட முடிகிறது, திருட்டுப் பிரதி அன்று மாலையே வந்துவிடுகிறது, நாலு வாரத்தில் ஓடிடியில் வரும் என்று எல்லாருக்கும் தெரியும். கூடவே பங்குச் சதவீதமும் முதல் வாரத்தில் படத்துக்காரருக்குச் சாதகமாக இருந்து வாரா வாரம் தியேட்டர் பக்கம் சாய்கிறது. இந்திப் படத் தயாரிப்பாளர்களுக்கும் மல்டிப்ளெக்ஸ்களுக்கும் 2009இல் இரண்டு மாதம் தகராறு நடந்து ஒப்பந்தம் போட்டார்களே, அதில் முதல் வாரம் 50 சதவீதம், அடுத்து 42.5, அடுத்து 37.5, அதன் பிறகு 30. நம்மூரில் பெரிய நடிகர் படத்துக்கு முதல் வாரப் பங்கு இதைவிட மிக அதிகம். 2023இல் லியோவுக்கு 80 சதவீதம் கேட்கப்பட்டது, கட்டுப்படியாகாது என்று தியேட்டர்காரர்கள் வெளிப்படையாகவே குறைபட்டார்கள்.

80 சதவீதம் கொடுத்துவிட்டுத் தியேட்டர்காரர் எதில் பிழைப்பார்? கேன்டீனிலும் வண்டி நிறுத்தத்திலும்தான். நாட்டின் மிகப் பெரிய மல்டிப்ளெக்ஸ் நிறுவனத்தின் வருமானத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு சாப்பாடு, பாப்கார்ன், குளிர்பானத்தில் வருகிறது. டிக்கெட்டுக்கு வரம்பு உண்டு, பாப்கார்னுக்குக் கிடையாது. சித்தப்பா தியேட்டரில் இடைவேளைக்கு முறுக்கும் கலரும்தான், அதைக் குத்தகைக்கு விட்டிருந்தார்கள், சைக்கிள் ஸ்டாண்டையும் தனிக் குத்தகைக்கு விட்டிருந்தார்கள். மின்சாரக் கட்டணத்தைக் கட்டியது அந்தக் குத்தகைப் பணம் என்று அவர் சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

தயாரிப்பாளர் பக்கம் வந்தால் கதையே வேறு. இன்று பெரிய படங்கள் தியேட்டருக்கு வரும் முன்பே ஓடிடி, தொலைக்காட்சி, ஆடியோ, வேற்றுமொழி உரிமை என்று பாதிப் பணத்தை, சில சமயம் முழுப் பணத்தையும் எடுத்துவிடுகின்றன. ரிலீஸுக்கு முந்தைய நாளே லாபம் வந்துவிட்டால் அதற்கு டேபிள் பிராஃபிட் என்று பெயர். அப்படிப்பட்ட படம் தியேட்டரில் விழுந்தாலும் தயாரிப்பாளர் எழுந்து நிற்பார், விழுவது வாங்கியவர். இன்னொரு பக்கம், ஓடிடிக்காரர்கள் நல்ல விலை கொடுக்கும் தைரியத்தில் நாயகன் சம்பளம் பட்ஜெட்டில் பாதியைத் தாண்டியது. இப்போது அந்த விலை இறங்கிவிட்டது, ஏறிய சம்பளம் இறங்கவில்லை. நடுவே மாட்டிக்கொண்டிருப்பது நடுத்தர அளவுப் படங்கள். முடித்து வைத்தும் ஓடிடிக்கு விற்க முடியாமல் காத்திருக்கும் படங்களை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது, ஒவ்வொன்றிலும் யாரோ ஒரு புது இயக்குநரின் நாலைந்து வருஷம் கிடக்கிறது.

அந்தக் காத்திருப்புக்கு வட்டி உண்டு என்பதையும் மறக்கக்கூடாது. சினிமாவுக்கு வங்கி கடன் சுலபமாகக் கிடைக்காது, பைனான்சியரிடம் நூற்றுக்கு இரண்டு, மூன்று என்று மாத வட்டிக்குத்தான் பெரும்பாலோர் வாங்குகிறார்கள். நூற்றுக்கு மூன்று என்றால் வருஷத்துக்கு 36. 10 கோடிப் படம் ஒரு வருஷம் தள்ளிப்போனால் அது 13.6 கோடிப் படம், திரையில் ஒரு காட்சிகூடக் கூடுதலாக இருக்காது. முன்பு பைனான்சியர் கையில் லேப் லெட்டர் இருக்கும், அவர் சரி சொல்லாமல் லேபிலிருந்து பிரிண்ட் வெளியே வராது. இப்போது அந்த இடத்தில் டிஜிட்டல் சாவி, அது வராமல் தியேட்டரில் படக் கோப்பு திறக்காது. காலைக் காட்சிக்கு டிக்கெட் எல்லாம் விற்று, ஜனங்கள் உள்ளே உட்கார்ந்து, படம் போடவில்லை என்று திருப்பி அனுப்பினார்கள் என்று செய்தி படித்திருப்பீர்கள். பெரும்பாலும் இரவு முழுக்கப் பஞ்சாயத்து நடந்து சாவி வராததுதான் காரணம். அந்த ஒரு காலைக் காட்சி போனால் முதல் நாளின் பேச்சே போய்விடும், திரும்பி வராது.

பான் இந்தியா என்று இப்போது பேசுகிறோமே, அதன் கணக்கை எழுபது எண்பது வருஷத்துக்கு முன்பே போட்டவர் ஜெமினி ஸ்டூடியோ முதலாளி எஸ்.எஸ். வாசன். சந்திரலேகா 1948 ஏப்ரலில் தமிழில் வந்தது. ஜனங்களுக்குப் பிடித்தது, நன்றாகவும் ஓடியது, ஆனால் கொட்டிய பணம் தமிழ் வசூலில் மட்டும் திரும்பி வருவதாக இல்லை, அவ்வளவு பெரிய செலவு. அதே வருஷ டிசம்பரில் இந்தியில் மாற்றி, நூற்றுக்கணக்கான பிரிண்ட் போட்டு, நாடு முழுக்க விளம்பரத்தில் முக்கி எடுத்து வெளியிட்டார். பணம் வந்தது அங்கேதான். சந்தை சின்னது, படம் பெரியது என்றால் சந்தையைப் பெரிதாக்கு என்பது அன்றே நம்மூரில் கண்டுபிடித்த வித்தை. பாகுபலி இரண்டாம் பாகம் 2017இல் 1,000 கோடியைத் தாண்டிய முதல் இந்தியப் படமானதும் அதே வித்தையால்தான். இன்றைய தமிழ்ப் படத்துக்கு இதில் ஒரு முட்டுக்கட்டை இருக்கிறது. வடக்கே பெரிய மல்டிப்ளெக்ஸ்கள் இந்திப் பதிப்பு வேண்டுமென்றால் எட்டு வாரம் ஓடிடிக்குக் கொடுக்காதே என்கின்றன, ஓடிடிக்காரர் நாலு வாரத்தில் கொடுத்தால்தான் இந்த விலை என்கிறார். லியோ இந்தியில் அந்த மல்டிப்ளெக்ஸ்களில் வராமல் போனதற்கு இதுதான் காரணம். கையில் வந்த ஓடிடி பணத்தை விட்டுவிட்டு, வருமோ வராதோ தெரியாத இந்தி வசூலுக்குக் காத்திரு என்று ஒரு தயாரிப்பாளரிடம் சொல்வது கஷ்டம்தான்.

ஹாலிவுட்டிலும் அடிப்படை இதேதான். அமெரிக்க வசூலில் ஏறத்தாழ பாதி ஸ்டூடியோவுக்கு, வெளிநாட்டில் 40 சதவீதம் அளவில், சீனாவில் 25 சதவீதம். விளம்பரச் செலவு தனி, அது பட்ஜெட்டில் வராது. அதனால்தான் படச் செலவைப் போல் இரண்டரை மடங்கு வசூலித்தால்தான் தலை தப்பும் என்று ஒரு தோராயக் கணக்கு அங்கே வைத்திருக்கிறார்கள். ஹாரி பாட்டர் வரிசையின் ஐந்தாவது படம் உலகமெங்கும் 90 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது, ஆனால் பின்னால் வெளியே கசிந்த ஸ்டூடியோ கணக்குத் தாளில் அது 16 கோடி டாலருக்கு மேல் நஷ்டம் என்று இருந்தது. தன் படத்தைத் தானே விநியோகித்ததற்குக் கட்டணம், தானே போட்ட பணத்துக்கு வட்டி, விளம்பரம் என்று எல்லாவற்றையும் படத்தின் மேல் எழுதி, லாபத்தில் பங்கு என்று கையெழுத்துப் போட்டவர்களுக்குப் பங்கே இல்லாமல் செய்துவிடலாம். அங்கே புத்திசாலி நடிகர்கள் லாபத்தில் பங்கு கேட்க மாட்டார்கள், மேல் எண்ணிலேயே பங்கு கேட்பார்கள். சித்தப்பா சொன்ன பாடம் அங்கே அப்படியே தலைகீழ், ஆனால் காரணம் ஒன்றுதான், எந்த எண்ணை யார் எழுதுகிறார் என்று பார்க்க வேண்டும்.

நம் பக்கம் நான் மனதாரக் கொண்டாடுவது வேறு வகைப் படங்களை. 2022 நவம்பரில் லவ் டுடே வந்தது, சில கோடிகளில் எடுத்த படம், பெரிய நடிகர் கிடையாது, இயக்குநரே நாயகன். செலவைப் போல் பல மடங்கு வசூல். விற்ற விலை குறைவு என்பதால் வாங்கிய ஒவ்வொருவர் கையிலும் காசு நின்றது. முதல் வாரப் பங்கில் பிடிவாதம் பிடிக்கும் நிலையில் அப்படிப்பட்ட படம் இருக்காது, இரண்டாவது, மூன்றாவது வாரமும் கூட்டம் வருவதால் தியேட்டருக்கும் நல்ல பங்கு கிடைக்கும். ஒரு பெரிய படத்தில் ஒருவர் அள்ளுவதும் நாலு பேர் விழுவதும் நடக்கலாம். இப்படிப்பட்ட படத்தில் வாசலில் டிக்கெட் கிழிப்பவர்வரை எல்லாருக்கும் கொஞ்சம் வரும்.

சித்தப்பா ஓய்வு பெற்றுப் பல வருஷம் ஆகிறது, அந்த தியேட்டரும் இப்போது கல்யாண மண்டபம். போன வாரச் சண்டையை அவரிடம் போனில் சொன்னேன். எங்கள் ஊரில் உங்களுக்கு மறக்க முடியாத பிளாக்பஸ்டர் எது என்று கேட்டேன். பெரிய பெயர் ஏதாவது சொல்வார் என்று நினைத்தேன். அவர் சொன்னது நான் மறந்தே போயிருந்த ஒரு சின்னக் குடும்பப் படம். யாரும் வாங்க ஆள் இல்லாமல் கடைசி நேரத்தில் மிகக் குறைந்த அட்வான்ஸுக்கு எடுத்தார்களாம். முதல் வெள்ளிக்கிழமை இரவு ஆட்டத்துக்கு நாற்பது பேர். ஞாயிற்றுக்கிழமை பெண்கள் கூட்டம் வர ஆரம்பித்தது, திங்கட்கிழமை மதியக் காட்சிக்கு சுற்று வட்டாரத்துக் கிராமங்களிலிருந்து மாட்டு வண்டி கட்டி வந்தார்கள். ஏழு வாரம் ஓடியது. எங்கள் ஊரில் ஏழு வாரம் என்றால் அது வெள்ளி விழா மாதிரி.

"அந்த திங்கக்கிழமை மதிய டி.சி.ஆரை நீதான்டா வாசிச்சே, ஞாபகம் இருக்கா?" என்றார். எனக்கு ஞாபகம் இல்லை. அவருக்கு பால்கனி டிக்கெட்டின் கடைசி எண் வரைக்கும் ஞாபகம் இருக்கிறது. அந்த வருஷத் தீபாவளிக்குத்தான் முதலாளி வாசல்காரர், ஆபரேட்டர், பெருக்குகிற அம்மா எல்லாருக்கும் இரண்டு மாதச் சம்பளம் போனஸ் கொடுத்தாராம்.